மண்கரைக்கு ஒரு கல்

நெய்வேலி நகரியத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் மூன்று அரண்வரிசைகள் இருந்தன. வடக்கே பண்ருட்டியை அடுத்த திருவதிகைப் பக்கம் 1753-இல் ஒன்று. தென்கிழக்கே பரங்கிப்பேட்டை மணல்மேடுகளை ஒட்டி 1781-இல் ஒன்று. கிழக்கே கடலூர் பழைய நகரத்தின் தென்புறத்தில் 1783-இல் ஒன்று. இவை கற்கோட்டைகள் அல்ல. மண்ணை வெட்டிக் குவித்த கரை, அதன் முன்னால் பள்ளம், இடையிடையே பீரங்கி மேடைகள். அந்தக் கரைகளின் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். தென்னிந்தியாவை யார் ஆள்வது என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அங்கே எழுதப்பட்டது. இன்று அந்தச் சாலைகளில் பேருந்தில் போகிற ஒருவருக்கு இதைச் சொல்லும் கல்லையோ பலகையையோ நான் கண்டதில்லை. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதையும், அதில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

கோட்டை இடிந்தாலும் அதன் அடித்தளமாவது மிஞ்சும். செஞ்சியும் வந்தவாசியும் அப்படி மிஞ்சியவை. மண்கரைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. போர் முடிந்ததும் உழவர்கள் நிலத்தைச் சமன்செய்துவிடுவார்கள். மிச்சத்தை வடகிழக்குப் பருவமழை கரைத்துவிடும். அதிலும் இது கடலூர் மணற்பாறை பரவிக் கிடக்கும் பூமி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் செம்மண்ணும் மணற்பாறையும், கடலூர்க் கேப்பர் மலையாக வெளியே தலைகாட்டும் பாறையும் ஒரே குடும்பம். மழை விழுந்தால் ஓடையோடையாக அரித்துக்கொண்டு போகும். 1957-இல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து நெய்வேலிக்காரர்கள் பார்த்துவருவது ஒன்றுதான்: ஒரு நிலப்பரப்பு முழுவதுமாக இடம்மாறினால் அங்கிருந்த ஊர், ஏரி, பாதை எதையும் அந்த மண்ணைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

இந்த வட்டாரம் ஏன் போர்க்களமானது என்பதற்கு விடை தேவனாம்பட்டினத்தில் தொடங்குகிறது. 1690-இல் செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து அங்கிருந்த சிறு கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் எலிஹு யேல் கவர்னராக இருந்த காலம் அது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு வைத்துக்கொண்ட அளவுகோல் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் கம்பெனிக்கு. நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூரில் குண்டுசாலையும் குண்டு உப்பலவாடியும் இன்றுவரை அந்தப் பெயரோடு இருக்கின்றன. போர் தொடர்பான எல்லை ஒன்றை இந்த மாவட்டம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பெயர்களில்தான்.

அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது சில ஆண்டுகள் கம்பெனியின் தலைமையிடம் இங்கே வந்தது. அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் தூய்ப்ளே. இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் இவ்வளவு அருகில் உட்கார்ந்து மோதியதால் பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருந்த கோயில்கள்கூட ஒவ்வொன்றாகக் கோட்டைகள் ஆயின. மதில் உயர்ந்த கோயில் என்றால் அதற்குள் ஒரு காவற்படை. திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில், விருத்தாசலம் கோயில், சிதம்பரம் நடராசர் கோயில் மூன்றும் அந்தக் காலப் போர்க்குறிப்புகளில் கோட்டைகளாகவே வருகின்றன. 1751-இல் விருத்தாசலம் வரை ஒரு தளவாட வண்டித் தொடரைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பிய ராபர்ட் கிளைவையும் ஜார்ஜ் பிகட்டையும் வழியில் பாளையக்காரர் ஆட்கள் துரத்தினார்கள். குதிரையின் வேகத்தால்தான் உயிர்தப்பினார்கள் என்று கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஆர்ம் சொல்கிறார். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழி என்றால் இன்றைய வடலூர், நெய்வேலிப் பக்கத்து நிலம்தான்.

திருவதிகை வரிசையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1753-இன் தொடக்கத்தில் கம்பெனிப் படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் திருவதிகையில் முகாமிட்டிருந்தார். எதிரே பெண்ணையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படை மண்கரை எழுப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் உணவு வண்டிகளை முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை வழிமறித்தது. அந்தக் கரையை உடைக்க முடியாது என்று லாரன்ஸ் கண்டுகொண்டார். ஏப்ரலில் திருச்சியில் உணவு தீர்ந்துவருவதாகச் செய்தி வந்ததும் அங்கே போய்விட்டார். போர் நடக்காமலே தன் வேலையை முடித்துவிட்ட அரண் அது.

பரங்கிப்பேட்டை அப்படியல்ல. 1780 சூலையில் மைசூரின் ஐதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. கம்பெனிக்கு இந்தியாவில் அதுவரை இப்படியொரு தோல்வி வந்ததில்லை. கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட அயர் கூட், வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற அதே ஆள், இப்போது வயதும் நோயும் ஏறியவர். 1781 சூன் 18 இரவு சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். வெளிக்காவலைத் தாண்டியும் உள்ளே போக முடியவில்லை. அடிபட்டுப் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினார். அந்தச் செய்தி எட்டியதும் ஐதர் தன் படையை விரைந்து நடத்திக்கொண்டு வந்து, பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் நடுவில் நின்றுகொண்டார். முன்னால் எதிரி, பின்னால் கடல், கையில் சில நாள் உணவு. கூட்டின் நிலைமை அதுதான்.

ஐதர் தேர்ந்த இடம் ஒரு தேர்ந்த படைத்தலைவனின் கண்ணைக் காட்டுகிறது. கடலூர் சாலையின் குறுக்கே பீரங்கி மேடைகள். மேற்கே ஊர்களும் வயல்களும். கிழக்கே கடலோரமாக நீண்டு போகும் மணல்மேடுகள். நேராக வருகிற எவரும் பீரங்கி வாய்க்குள் நடந்துதான் வர வேண்டும். சூலை 1 காலையில் கூட் சுமார் 8,500 பேரோடு வெளியே வந்து அணிவகுத்து நின்றார். எதிரே இருந்தவர்களை நாற்பதாயிரம் என்பார் உண்டு, எண்பதாயிரம் என்பாரும் உண்டு. வென்றவர் தரப்புக் கணக்குகளை நான் கவனமாகவே எடுத்துக்கொள்கிறேன். கூட் வெகுநேரம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மணல்மேடுகளின் ஊடே பீரங்கி போகத்தக்க ஒரு வழி இருப்பது தெரியவந்தது. அந்த வழியை வெட்டியவர்கள் ஐதரின் ஆட்களேதான். கூட் தன் முதல் அணியை வலப்புறமாகத் திருப்பி, மேடுகளின் மறைவிலேயே நடத்தி, அரண்வரிசையின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டூவர்ட் தலைமையில் இரண்டாம் அணி மணல்மேடுகளைப் பிடித்து வைத்துக்கொண்டது. கரையோரமாக வந்த ஒரு சிறு கப்பல் கடலிலிருந்து சுட்டு மைசூர்க் குதிரைப்படையைக் குலைத்தது. ஐதரின் மைத்துனர் மீர் சாகிபு படுகாயமடைந்து இறந்தார். சாலையை நோக்கிக் காத்திருந்த பீரங்கி மேடைகளுக்கு முன்னால் எதிரி வரவே இல்லை.

ஐதர் ஒரு மேட்டில் காலை மடக்கி உட்கார்ந்து போரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தோல்வி உறுதியான பிறகும் எழுந்திருக்க மறுத்தார். யாருக்கும் அவரிடம் பேசத் துணிவில்லை. நெடுநாள் பழகிய குதிரைக்காரன் ஒருவன்தான் அருகில் போய், அவர் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது குதிரையில் ஏறுங்கள் என்று சொன்னான். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் போரின் பெயர்ப்பட்டியலில் தளபதிகளுக்கெல்லாம் இடம் இருக்கிறது. தன் அரசனைப் பிழைக்கவைத்த அந்த ஆளை நாம் குதிரைக்காரன் என்று மட்டுமே சொல்ல முடிகிறது.

கடலூர்ப் போர்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பாரமாக இருக்கிறது. 1782 ஏப்ரலில் ஐதரின் உதவியோடு பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். டிசம்பரில் ஐதர் இறந்தார். அவர் மகன் திப்பு மேற்குக் கடற்கரையைக் காக்கப் போய்விட்டார். ஒரு மைசூர்ப் படைப்பிரிவு மட்டும் கடலூரில் நின்றது. முதுமையும் கீல்வாதமும் வாட்டிய மார்க்கிஸ் தெ புஸ்ஸி பிரெஞ்சுப் படைக்குத் தலைவர். 1783 சூன் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் தலைமையில் கம்பெனிப் படை சென்னையிலிருந்து மெதுவாக வந்து, பெண்ணையாற்றைத் தாண்டி, ஊரைச் சுற்றித் தெற்கே போய் இறங்கியது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் ஆங்கிலேயர் பண்டிப்பாளையம் குன்று என்று எழுதிய கேப்பர் மலை. இன்று மத்தியச் சிறை இருக்கும் மேடு அது; 1918-இல் பாரதி அடைபட்டிருந்த சிறை. கோட்டைச் சுவர் வலுவற்றது என்பதால் புஸ்ஸியின் ஆட்கள் ஊருக்கு வெளியே குன்றுக்கும் கடலுக்கும் இடையில் மண்கரை எழுப்பினார்கள்.

சூன் 13 விடியலில் கர்னல் கெல்லி கேப்பர் மலை மேல் ஏறி மைசூர்க் காவலை விரட்டினார். அதன்பின் பகல் முழுக்க அந்த மண்கரைக்காகவே போர். ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள், ஹனோவரிலிருந்து கூலிக்கு வந்த ஜெர்மானியர்கள், வங்காளச் சிப்பாய்கள், சென்னைச் சிப்பாய்கள் ஒரு பக்கம். ஆஸ்திராசி, அக்கித்தேன் பட்டாளங்களும் மைசூர்க்காரர்களும் பிரெஞ்சுக்காரர்கள் திரட்டிய இந்தியச் சிப்பாய்களும் மறுபக்கம். தாக்கியவர்கள் கரையின் முன்னால் செத்து விழுந்து பின்வாங்கினார்கள். அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள் கரையை விட்டு வெளியே பாய்ந்து துரத்தினார்கள். அந்த இடைவெளியில் இன்னோர் ஆங்கிலப் பிரிவு காலியான கரைக்குள் புகுந்துவிட்டது. அரணில் நின்றவன் அரணை விட்டு வெளியே வந்ததால் அரண் போனது. இருட்டியபின் புஸ்ஸியின் படை கோட்டைக்குள் ஒடுங்கியது. ஆங்கிலத் தரப்பில் மட்டும் சுமார் ஆயிரம் பேர் இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. சூன் 20-இல் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனின் பதினைந்து கப்பல்களும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூசின் பதினெட்டுக் கப்பல்களும் மோதின. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார். சுஃப்ரேன் 2,400 பேரைக் கரையிறக்கினார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டது போல ஆனது. 25-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கித் தோற்றார்கள். மாத முடிவில் வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல் வந்தது. பிரான்சும் பிரிட்டனும் சமாதானத்துக்கு முதற்கட்டக் கையெழுத்துப் போட்டுவிட்ட செய்தி அதில் இருந்தது. கையெழுத்தான நாள் 1783 சனவரி 20. கேப்பர் மலையடியில் அத்தனை பேர் விழுந்தது, அந்தச் சமாதானம் ஏற்பட்டு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கழித்து. செய்தி இங்கே வந்து சேர அவ்வளவு காலம் ஆயிற்று. கடலூரில் நடப்படும் எந்தக் கல்லிலும் சூன் 13-க்கு முன்னால் சனவரி 20 எழுதப்பட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மண்கரையை வெட்டியது யார்? படையோடு வந்த கூலியாட்கள், சுற்றூர்களிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். மரத்தை வெட்டிக் கொடுத்ததும், மாட்டைப் பறிகொடுத்ததும், குளத்து நீரை இழந்ததும் அதே ஊர்கள். ஐதரின் படையெடுப்பால் விளைநிலங்கள் பாழாகிப் பஞ்சம் வந்தது. சென்னையை நோக்கி ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் தொடங்கிய ஏற்பாடுதான் மணியக்காரர் சத்திரம். அதன் மருத்துவமனையைச் சென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்று அழைத்தார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. அந்தப் போர் நம்மிடம் விட்டுச்சென்ற உயிருள்ள நினைவிடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே இருக்கும் போர்க்கற்கள் என்ன சொல்கின்றன? புள்ளலூர் வயல்வெளியில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்டில் அங்கே நடந்த இரண்டாவது போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கானவை. மகேந்திரவர்மப் பல்லவன் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் அதே ஊர், மைசூர் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றியும் அங்கேதான், தூண்களோ அதிகாரிகளுக்கு. சென்னை உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்ட குண்டு விழுந்த இடத்தைக் காட்டுவது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று பொறித்த கற்கள் உண்டு. அவற்றில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. அதிகாரிக்குப் பெயர், ஊர்க்காரனுக்கு எண் என்பது கல்வெட்டியவர்களின் கணக்கு.

இதைவிட நல்ல வழக்கம் நம்மிடம் இருந்தது. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிநிலைகளைச் சொல்கிறது. செங்கம் வட்டார நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, ஊரின் பெயர், எந்தப் பூசலில் இறந்தான், யாருடைய சேவகன் என்பதெல்லாம் சில வரிகளுக்குள் இருக்கும். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, மாட்டு மந்தையைக் காத்து இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறது. கள்வர்களைக் கடித்துத் தன் இடத்தில் நின்ற நாய் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, பரங்கிப்பேட்டைக் குதிரைக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நடுகல் ஒரு வீரனுக்கானது. அரண்வரிசைக்கு வேறு மாதிரி வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சும் பெல்ஜியமும் இதற்கு ஒரு வழி கண்டன. சிற்பி போல் மொரோ-வொதியே வடிவமைத்த ஒரே அச்சிலான கற்களை, 1918-இல் ஜெர்மானியப் படை எதுவரை வந்ததோ அந்த எல்லை நெடுகச் சாலையோரங்களில் நட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள். எந்த நாட்டுப் படை அந்த இடத்தைக் காத்ததோ அந்த நாட்டுத் தலைக்கவசம் கல்லின் உச்சியில் இருக்கும். சாலையில் போகிறவன் ஒரு கல்லையும் அடுத்த கல்லையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோடு அவன் மனத்தில் ஓடும். வெற்றித்தூணுக்கு இல்லாத குணம் இது. ஆனால் அந்தக் கற்கள் எதிரியை ஆக்கிரமிப்பாளன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டன. அவர்கள் நாட்டுக்குள் நடந்த போர் என்பதால் அப்படி எழுத அவர்களுக்கு உரிமை இருந்தது. நம் மண்கரைகளில் இரண்டு பக்கமும் வெளியார் கொடி. இரண்டு பக்கமும் நம் ஆட்கள். தமிழ்ச் சிப்பாய் தமிழ்ச் சிப்பாயைச் சுட்ட கோடு அது. யாரை வாழ்த்துவது என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. அதனாலேயே இவ்வளவு காலம் யாரும் கல் நடவில்லை என்று நினைக்கிறேன். இந்திய ராணுவப் பட்டாளங்கள் சிலவற்றின் தொடக்கம் அந்தச் சென்னைச் சிப்பாய்களிடம்தான் இருக்கிறது. அவர்களை மறந்துவிடுவதும் நியாயமில்லை, அவர்களை ஏவியவர்களைப் புகழ்வதும் நியாயமில்லை.

இடத்தைக் குறிப்பதிலும் நேர்மை வேண்டும். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே மணல்மேடுகளின் உருவம் 1781-இல் இருந்தது போல இருக்காது. காற்று நகர்த்தியது, மக்கள் அள்ளியது, 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் 2011 டிசம்பரில் தானே புயலும் மாற்றியது எல்லாம் உண்டு. இங்கே நின்று ஐதர் பார்த்தார் என்று எழுதுவது பொய்யாகிவிடும். சாலையில் நின்று கிழக்கே கைகாட்டி, இந்தப் பக்கம் மணல்மேடுகள் நீண்டிருந்தன, அவற்றின் மறைவில் ஒரு படை நடந்தது என்று எழுதலாம். கடலூரில் வேலை எளிது. கேப்பர் மலை அங்கேயே இருக்கிறது, கடலும் அங்கேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிதம்பரம் சாலை ஓடுகிறது. சிப்காட் ஆலைகளுக்குத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போய்வரும் சாலை.

அந்தச் சாலையில் நிற்கும் கல்லுக்கு என் வாசகம் இதுதான்: குன்றுக்கும் கடலுக்கும் இடையே 1783-இல் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் ஒரு மண்கரை எழுப்பின. சுற்றூர் மக்கள் அதை வெட்டினார்கள். அந்த ஆண்டு சனவரி 20 அன்று ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. சூன் 13 அன்று ஆங்கிலக் கம்பெனியின் படை இந்தக் கரையைத் தாக்கியது. இரண்டு பக்கமும் நின்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த நாட்டவர். சூலை 2 அன்று போர் நின்றது.

எழுத்து தமிழில் முதலில், பெரிதாக. ஆங்கிலம் கீழே, பிரெஞ்சும் இருக்கலாம், புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் படிப்பார்கள். இந்த ஊர் மணற்பாறை உதவாது, நாலு மழைக்கு எழுத்து உதிர்ந்துவிடும். திருவக்கரை, வானூர்ப் பக்கத்துக் கருங்கல்லாக இருக்கட்டும். நெடுஞ்சாலையின் நடுவில் வண்டி ஓட்டுகிறவர்கள் பார்க்கும்படி உயரத்தில் வைப்பதில் பயனில்லை. பேருந்துக்குக் காத்திருக்கிறவர் நின்றபடியே படித்து முடிக்கும் உயரத்தில், நிறுத்தத்தின் நிழலிலேயே நட வேண்டும்.